கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள்

மாசாயிலிருந்து தேன்மொழி மோட்டார் சைக்கிளை முறுக்கினால் பாசிர் கூடாங் லாரிகளே ஓரங்கட்டும் என்பார்கள். ஸ்கூடாய் பக்கம் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருஷமாக இயந்திரம் ஓட்டுகிறாள்.

அன்று ஆய்வுக்கூட வாசலில் சுலைஹா காத்திருந்தாள். பெக்கான் நானாஸில் அன்னாசி ஜெல்லி காய்ச்சி விற்பவள். அதில் பன்றி ஜெலட்டின் இருப்பதாக எவனோ கைப்பேசியில் கிளப்பிவிட, மொத்தச் சரக்கையும் அதிகாரிகள் அழித்துவிட்டார்கள். மிச்சம், ஆய்வுக்கூடத்துக் குப்பியில் இருந்த மாதிரி மட்டும். ஐந்து மணிக்குள் முடிவு போகாவிட்டால் அவள் ஹலால் உரிமம் போய்விடும்.

"தங்கச்சி, மாட்டு ஜெலட்டின்தான் வாங்குனேன்."

"நான் நம்புனா பத்தாதுக்கா. மிஷின் நம்பணும் லா."

மாதிரியிலிருக்கும் புரதத் துணுக்குகளை இயந்திரம் ஆவியாக்கி, காற்றில்லாத கூண்டில் மிதக்கவிடும். அவற்றை உடைத்து, உடைந்ததை எடைபோட்டால் எந்த மிருகம் என்று தெரியும். காலையில் வாயுவோடு மோதவிட்டுப் பார்த்தாள். ஓரங்கள் உடைந்தன, மாடா பன்றியா என்று காட்டிக்கொடுக்கும் நடுப்பகுதி அசையவில்லை. அதை உடைக்க லேசரின் புற ஊதா ஒளிதான் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை இரண்டு முறை பாய்ச்சியாயிற்று. ஒரு துணுக்கும் உடையவில்லை.

"லேசர் எரியுது. வெளிச்சம் எங்கதான் போகுது?" என்றார் மேலாளர் யுகேந்திரன். "குப்பியில இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. அதுவும் வீணாப் போனா, முடிவு தெரியலன்னு எழுதிருவேன்."

மணி நாலு இருபது. தேன்மொழி பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூடியிலிருந்த பார்வைத் துளை வழியே ஒளி போகும் பாதையை எட்டிப் பார்த்தாள். கூண்டின் கண்ணாடிச் சன்னலில், விரல்நுனி அளவுக்கு, பச்சை கலந்த மஞ்சளாக ஏதோ மின்னியது.

அலமாக்! முந்தாநாள் ஆயுத பூசையன்று அவள் திருட்டுத்தனமாக வைத்த மஞ்சள் பொட்டு. வரவேண்டிய ஒளியையெல்லாம் அதுவே குடித்துக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் துடைத்துவிடலாம். ஆனால் மூடியின் சாவி யுகேந்திரன் சட்டைப்பையில் இருந்தது.

"சார், சாவி கொடுங்க. சன்னல்ல மஞ்சள் இருக்கு. நாந்தான் வச்சேன்."

"மிஷின்ல பொட்டு வைக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. அதான் சுத்தம் பண்ணத் தொறந்தப்போ, வெளியில தெரியாம உள்ள வச்சேன்."

அவர் முறைத்த முறைப்பில் லேசரே தேவையில்லாமல் அவள் துண்டு துண்டாகியிருப்பாள். ஆனாலும் சாவி வந்தது. ஆல்கஹாலில் நனைத்த துணியால் கண்ணாடியை நாலு முறை துடைத்தாள். குப்பியின் கடைசிச் சொட்டு உள்ளே போனது. ஒளி பாய்ந்தது.

திரையில் தனியே நின்ற நெடுங்கோடு சரிந்தது. சுற்றிலும் டுரியான் முள்ளாகச் சின்னக் கோடுகள் முளைத்தன. நடுப்பகுதி உடைந்திருந்தது! எடைகளை அவள் ஒருமுறை பார்த்தாள். யுகேந்திரன் இரண்டு முறை பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டு முடிவை அனுப்பினார். பிறகு, பிழைகளைக் குறிக்கும் புத்தகத்தில் 'மஞ்சள்' என்று எழுதி, அதன் கீழே அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

தேன்மொழி வாசலுக்கு ஓடினாள்.

"மாடுதான்க்கா! பன்றியோட சுவடே இல்ல."

சுலைஹா அழுவாள் என்று பார்த்தால், கைப்பேசியில் கடைப் பையனைக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தாள்: "டேய் சைஃபுல்லா, அடுப்பப் பத்த வை!"