மாமாவோடு ஆகாய கங்கைக்கு

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், தை அறுவடை முடிந்த கையோடு கொல்லிமலைக்குப் போனோம். நாமகிரிப்பேட்டையில் எங்கள் தோட்டத்து வரப்பில் நின்றாலே மலை தெரியும். மழை வருமா என்று அதை அண்ணாந்து பார்த்தே என் மாமனாருக்கு அறுபது வயதாகிவிட்டது. ஒரு தடவைகூட ஏறியதில்லை. முழங்கால் வலி வேறு ஆரம்பித்திருந்தது. "இந்த வருசம் உட்டா அப்பறம் ஏது சாமி? ஆகாய கங்கை அருவியில தலைய நனைச்சுட்டு வந்தர்றேன்" என்றார் என்னிடம். அவர் மகன், என் வீட்டுக்காரர், தயங்கினார். நான் தயங்கவில்லை. ஊர் சுற்றுவதென்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

போகிறவர்கள் சனிக்கிழமை புறப்படுங்கள். அன்றுதான் பேளுக்குறிச்சிச் சந்தை. மலைக்காரர்கள் வாழைத்தாரோடு இறங்கி வருவார்கள், வழிகாட்ட ஆள் அங்கேயே கிடைக்கும். எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் பத்து மைல் சொச்சம். ராத்திரி அங்கேயே மாமாவின் தங்கை வீட்டில் தங்கினோம். சந்தையில் அமர்த்திய ஆள் பெயர் சடையன். மூட்டை தூக்கி, மேலே கூட்டிப்போய், திரும்ப இறக்கிவிட ஒரு ரூபாய். பேரம் பேசாதீர்கள். பாதையைப் பார்த்தால் நீங்களே இரண்டாகக் கொடுப்பீர்கள்.

விடியும்போதே ஏறத் தொடங்கிவிட வேண்டும். ஏற்றம் செங்குத்து. பாதி வழியில் ஒரு சுனை வரும்; தாராளமாக உட்காரலாம், ஆனால் சோற்று மூட்டையைக் கீழே வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். புளிச்சோறு முழுவதும் குரங்குகளுக்குப் போயிற்று.

மேலே போய்விட்டால் வேறு நாடு. உச்சி வெயிலிலும் காற்று சில்லென்றிருந்தது. பலாவும் வாழையும் தாண்டி, அருவிக்குப் பக்கத்திலிருக்கும் சடையனின் குடிசை வாசலில் உட்கார்ந்தோம். பசி காதை அடைத்தது.

எங்கள் பக்கத்து மரியாதையை இங்கே சொல்லியாக வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் உடனே சரி என்று சொல்லக் கூடாது. வேண்டாம், வேண்டாம் என்று பிகு பண்ணி, கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார வேண்டும். மாமா இதில் புலி. வீட்டில் நான் வைக்கும் சோற்றுக்கே தினமும் கெஞ்ச வேண்டும்.

"சாப்புடறீங்களா?" என்றாள் சடையன் மனைவி.

"அட, வேண்டாமுங்க. இப்பத்தானுங்க ஆச்சு" என்றார் மாமா.

"சரி" என்று சட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டாள். அடுத்த அழைப்புக்காக நாங்கள் காத்திருந்தோம். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு சாமை புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கிளம்பலாம் என்று எழுந்த மாமா, பசியில் கால் வெடவெடத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சடையன் முடியாது என்று தலையாட்டினான். "அருவிக்கு எறங்குற எடம் வழுக்குப் பாறை. இந்தக் காலோட கூட்டிப் போக மாட்டேன்." என் வீட்டுக்காரர், "போதுமுங்கப்பா, திரும்பிரலாம்" என்றார்.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. அருவிச் சத்தம் காதில் விழும் தூரத்தில் வந்து திரும்புவதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானே கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மாமா, பத்துப் பேருக்குப் படியளக்கிற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "ஆத்தா, பசிக்குதுங்க. சோறு இருந்தாப் போடுங்க" என்றார்.

"இத அப்பவே சொன்னா என்ன?" என்று அவள் சிரித்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மாமா மறுசோறு கேட்டு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் சடையன் அவர் கையைப் பிடித்து இறக்கினான். அருவிக்கடியில் மாமா சின்னப் பிள்ளை மாதிரி கூச்சல் போட்டார். அழுதாரா சிரித்தாரா, தண்ணீரில் தெரியவில்லை. நான் அழுதேன்.

அறப்பளீஸ்வரர் கோயிலையும் பாருங்கள். ஆற்று மீன்களை அங்கே யாரும் பிடிப்பதில்லை. பொரி போட்டால் பயமில்லாமல் காலைச் சுற்றும். ஆடிப் பதினெட்டில் கூட்டம் நெரியும், மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல். தை, மாசிதான் நல்லது. ராத்திரி தங்கக் கம்பளி கட்டாயம். மலையில் யார் சாப்பிடக் கேட்டாலும் முதல் தடவையே ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதைச் சமவெளியில் செய்யாதீர்கள். திங்கள் மத்தியானம் இறங்கி மாமாவின் தங்கை வீட்டுக்குள் நுழைந்தோம். "வாங்கண்ணா, சாப்படறீங்களா?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"போடு ஆத்தா" என்று மாமா சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கழுவிக் கவிழ்த்திருந்த சட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கை அடுப்புப் பற்றவைக்க ஓடினார்.