பல் பதிந்த மணிக்கட்டு

பல்செட்டுக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அந்த வட்டாரத்துக் கிழவர்களில் பாதிப் பேர் சிரிப்பது அவர் கைவேலை. ஆனால் அவர் சட்டைக் கையை மடித்து யாரும் பார்த்ததில்லை. எந்த வெயிலிலும் மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு காலை, வலது மணிக்கட்டு பல் பதிந்து வீங்கியிருக்க விழித்தார். குடிக்க உட்கார்ந்தது வரை நினைவிருந்தது. அதற்குப் பிறகு துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமில்லை.

"படியில விழுந்துட்டீங்க," என்றாள் மனைவி.

படிக்கு ஏது பல்? சின்ன வாய், மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. தொழில்காரருக்கு இது போதாதா? ஆறு வயது மகளுக்கு அந்த வாரம்தான் பால்பல் விழுந்திருந்தது.

குழந்தையை அடித்துவிட்டோம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அன்றோடு குடியைத் தலைமுழுகினார். ஆனால் மகளிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. குடிகாரனை அடித்தாலும் அவனுக்கு உறைக்காது என்று பாதிரியார் வேதத்திலிருந்து வாசிக்கும்போதெல்லாம் பொத்தானைத் தடவிக்கொள்வார். அவனுக்கு உறைக்காது, சரி. கூட இருந்தவர்களுக்கு?

அவருக்கிருந்த ஒரே ஆறுதல் மனைவிதான். காய் நறுக்கினாலும் துணி மடித்தாலும் சுவரில் சாய்ந்து, அவரைப் பார்த்தபடிதான் உட்காருவாள். "இன்னும் என்னைப் பார்த்து சலிக்கலையா உனக்கு?" என்று கேலி செய்வார். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

போன வாரம் மகள் பட்டறைக்கு வந்தாள். கடைவாய்ப்பல் உடைந்திருந்தது. அளவெடுக்க மெழுகுத் தகட்டைச் சூடாக்கி அவள் வாயில் வைத்து, "நல்லா கடிம்மா," என்றார். கையை உயர்த்தியதில் சட்டை மேலேறிவிட்டது. அவள் கண் தழும்பிலேயே நின்றது. கடிக்கவில்லை.

இனி மறைத்து என்ன பயன்? "அன்னிக்கு உன்னை ரொம்ப அடிச்சிட்டேனாம்மா?"

அவள் மெழுகை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்னை நீங்க தொடவே இல்லப்பா. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்னாங்க. பின்னாடி வந்து கழுத்தைப் பிடிச்சீங்க. நான் எவ்வளவு கடிச்சும் விடல."

"அப்புறம்?"

"நீங்களா சரிஞ்சு விழுந்து தூங்கிட்டீங்க."

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி சுவரோரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, தண்ணி தர்றேன்."

எழுந்தாள். முதுகைச் சுவர்ப் பக்கமே வைத்து, ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்குப் போனாள். பத்தொன்பது வருஷமாக அவள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். அவர் அன்றுதான் பார்த்தார்.