மெயின் சுவிட்ச் அண்ணி

எங்கள் சலவைக் கடையில் மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஒரு துணிமூட்டை வைக்க முடியாது. வைத்தால் அண்ணி போடும் சத்தத்தில் கடையே அதிரும். "இவ்வளவு இடத்தை சும்மா போட்டிருக்கீங்களே" என்று நான் முணுமுணுத்தால், "வேணும்னா உன்னை அங்க மடிச்சு வைக்கிறேன்" என்பார். அப்பேர்ப்பட்ட வாய். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயரே 'மெயின் சுவிட்ச்'. முதலுதவி வகுப்புக்குப் போய்வந்து, வீட்டில் தலையணையை அமுக்கி அமுக்கிப் பழகுவார். அண்ணனுக்கு அது ஒரே சிரிப்பு.

அன்று கழுவிய தரை இன்னும் காயவில்லை. எங்களிடம் தையல் வேலை பார்க்கும் பெண்ணின் நாலு வயது மகள், வெறுங்காலோடு ஓடிவந்து மேசை விசிறியின் கம்பியைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. உடம்பு விறைத்தது.

"ஐயோ, என் தங்கமே!" என்று தாய் பாய்ந்தாள். எந்தத் தாய்தான் பாயமாட்டாள்? அண்ணி குறுக்கே விழுந்து அவளைத் தள்ளினார் பாருங்கள், அவள் சுவரோரம் போய் விழுந்தாள். "தொடாதே! நீயும் போயிடுவே!" அடுத்த நொடி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

குழந்தை சரிந்தாள். மூச்சு இல்லை. ஒருவர் முகத்தில் அடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார், இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்க்க உட்கார்ந்தார். "தள்ளுங்கய்யா எல்லாரும்! டேய், ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" என்று என்னிடம் கத்திவிட்டு, அண்ணி அந்தப் பிஞ்சு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் மூச்சை ஊதினார். ஒரு கையால் நெஞ்சை அமுக்கினார். மறுபடி ஊதினார். நான் போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு இருமல், பிறகு வீறிட்ட அழுகை. அப்பாடா! எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தை அம்மா மடிக்குத் தாவினாள். "நல்லாத்தான் இருக்காக்கா, வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தாய்.

"வண்டி வந்ததும் பேசாம ஏறு. கரண்ட் உள்ள என்ன பண்ணியிருக்கோ, டாக்டர்தான் சொல்லணும்."

அண்ணி சொன்னது சரிதான். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததால் மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள்தான் சீரானது.

அதற்கப்புறம்தான் தாயின் வீங்கிய மணிக்கட்டை நாங்கள் கவனித்தோம். விழுந்ததில் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பார்த்ததும் வாயாடி அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். "தைக்கிற கையாச்சே... நானே உடைச்சிட்டேனே!"

அவள் மற்றொரு கையால் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தக் கையையும் வேணும்னா உடைச்சுக்கோங்கக்கா."