ஏழாம் பானைக்கு மூடி

நம்புகிறவர்கள் நம்பலாம். மற்றவர்கள் போய் வேலையைப் பார்க்கலாம். யாரையும் நம்பவைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் நடந்தது. 1911, சித்திரை மாதம், காயல்பட்டினம். ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல். பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிஷம்.

நான் பனையேறி மகன். எட்டு வயதிலேயே பதனீர்க் குடம் சுமந்தவன். தலையில் பாரம் இருக்கிறவனுக்குப் பேய்க்குப் பயப்பட நேரம் கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை பொய்த்து எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் பிழைக்க வழியில்லை. என் பெண்டாட்டி ஜெபராணிக்கு எட்டாம் மாதம். பங்குனிக் கடைசியில் கால்நடையாகவே காயல்பட்டினம் வந்தோம். ஆசியா உம்மாள் என்ற அம்மா தன் வீட்டுப் பின்முற்றத்தில் இருந்த ஓலைச்சாய்ப்பில் இடம் கொடுத்தார்கள். புருஷன் கொழும்பில் இறந்துபோய், வீட்டோடு இருந்த அம்மா. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். இடம் கொடுத்தது சும்மா இல்லை. முற்றத்தில் ஒரு கிழட்டு வேம்பு நின்றது. அந்த வீட்டுக்கு நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். ஊரில் மற்ற வேம்பெல்லாம் இலை கொட்டி, துளிர்த்து, பூத்தும் விட்டது. இது மட்டும் எலும்பாக நின்றது.

"சித்திரைக்குள்ள துளிர் வந்துட்டா நீங்க இங்கனயே இருங்க. பிள்ளைப்பேறும் இங்கனயே ஆகட்டும்," என்றார்கள் கதவுக்குப் பின்னால் இருந்து. "வரலன்னா வெட்டிப்போட்டு அந்த இடத்துல சுவர் எழுப்பணும்னு அக்கா வீட்டு மச்சான் ஒத்தக் கால்ல நிக்காரு. சாய்ப்பும் போயிரும், வேதமுத்து."

அவ்வளவுதான் விஷயம். மரம் பிழைத்தால் ஜெபராணிக்குக் கூரை. இல்லாவிட்டால் நிறைமாசத்தோடு தெரு.

மரத்தைப் பார்த்ததுமே கோளாறு தெரிந்தது. சாய்ப்பில் முன்னால் இருந்தவர்கள், வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரை மரத்தின் அடிமூட்டிலேயே கொட்டியிருக்கிறார்கள். மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வயசான மரம் மூட்டில் குடிக்காது. கிளை எங்கே முடிகிறதோ, அதற்கு நேர் கீழே இருக்கிற சல்லிவேர்தான் குடிக்கும். அந்த இடத்தைப் பிசகாமல் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். சித்திரை பிறக்கிற நாட்களில் எங்கள் கடற்கரையில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வரும். மனுஷன் நிழல் அவன் காலுக்குள் போய்விடும். மரத்து நிழலும் நேர் கீழே விழும். அதன் ஓரத்தில் குச்சியால் கோடு இழுத்தால் வேர் குடிக்கிற வட்டம் கிடைத்துவிடும். பின்வாசல் வழியே தெரிந்த வீட்டுச் சுவர்க் கடியாரம் ரயில் நேரம் காட்டியது. அந்தக் கணக்கில் எங்களுக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு பதினெட்டுக்கு. சித்திரை ஒன்றாம் தேதி கோடு இழுத்தேன்.

கோட்டின் மேல் ஏழு குழி. குழிக்கு ஒரு பானை. பானை அடியில் ஓட்டை போட்டு நாரால் அடைத்துப் புதைத்தேன். நிரப்பி வைத்தால் தண்ணீர் பொட்டுப் பொட்டாக வேருக்குப் போகும். நல்ல தண்ணீர் ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் மணல் ஊற்றில்தான். நாளொன்றுக்கு ஏழு நடை. ஏழாம் நடை வந்து சேர உச்சியாகிவிடும். சாயங்காலம் கழுத்து திரும்பாது. மறுநாளும் அதே ஏழு நடை.

பானைக்கு மூடி போடாவிட்டால் பாதித் தண்ணீரை வெயில் குடித்துவிடும். ஏழு மூடியில் ஒன்றை ஆடு மிதித்து உடைத்துவிட்டது. மூன்றாம் தேதி ஊற்றுப் பாதையில் ஒரு சுமைதாங்கி கண்ணில் பட்டது. இரண்டு கல் நட்டிருந்தது. மேல்கல் கீழே விழுந்து கிடந்தது. பேர் வெட்டியிருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது.

சுமைதாங்கி எதற்கு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதது இல்லை. பிள்ளையைப் பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பொம்பிளைக்கு வைப்பார்கள். வழியில் போகிறவன் தன் சுமையை அதில் இறக்கினால் அவள் சுமை இறங்கும் என்று கணக்கு. நம்ம கிறிஸ்தவ வேதத்தில் இதெல்லாம் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுந்து கிடக்கிற கல்தானே. தூக்கிக்கொண்டு வந்து ஏழாம் பானைக்கு மூடியாகப் போட்டேன்.

நாலாம் தேதி. ஏழாம் நடை. பன்னிரண்டு பதினெட்டு. குனிந்து பானையில் தண்ணீர் ஊற்றினேன். என் நிழல் என் காலுக்கடியில் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு நிழல்... நீளமாக. சாயங்கால நிழல் மாதிரி. குழியில் தொடங்கிச் சாய்ப்பைப் பார்த்து நீண்டு கிடந்தது. அதன் தலையில் ஒரு குடம்.

நிமிர்ந்து பார்த்தேன். ஆள் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். அது பொய்யும் இல்லை. அவ்வளவு களைப்பு.

ஐந்தாம் தேதி. ஆறு பானை காலி. ஏழாவது மட்டும் விளிம்பு வரை நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. நார் அடைத்துக்கொண்டதோ என்று கையை விட்டுப் பார்த்தேன். நார் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர்தான்... ஐஸ் மாதிரி இருந்தது. அந்த வெயிலில்.

நிழல் இன்றைக்குச் சாய்ப்புக்கு இன்னும் பக்கத்தில் போயிருந்தது. வயிறு மேடாகத் தெரிந்தது. பிறகு சத்தம் கேட்டது.

ஸ்ஸ்... ஹா... ஸ்ஸ்... ஹா...

எனக்குத் தெரிந்த மூச்சுதான். ரொம்ப நேரம் பாரம் சுமந்தவர் விடுகிற மூச்சு. அது என் மூச்சு இல்லை. நான் மூச்சை அடக்கித்தான் நின்றேன்.

ஆறாம் தேதி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் குடத்தோடு முற்றத்துக்குள் வந்தேன். ஜெபராணி சாய்ப்பில் படுத்தபடியே கேட்டாள்.

"அந்த அக்காவ ஏன் வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கிய? குடத்த இறக்கச் சொல்லுங்க."

"எந்த அக்கா?"

"உங்க பின்னால வாராள்லா. அவளுக்கும் என்னயப் போல எட்டு மாசம் இருக்கும். பாவம்."

குடம் சாய்ந்து தண்ணீர் தோளில் வழிந்தது.

"உங்கிட்ட பேசினாளா?"

"இதக் கொஞ்சம் பிடிக்கியான்னு கேட்டா. நான் எந்திரிக்கதுக்குள்ள காணல."

சாய்ப்பு வாசலைப் பார்த்தேன்.

நிழலின் தலை வாசல்படியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

கடியாரத்தில் பன்னிரண்டு பதினேழு.

குடத்தைப் போட்டேன். ஓடினேன். கல்லைப் பிடுங்கித் தலையில் ஏற்றினேன். மூன்று நாளைக்கு முன்னால் தனியாகத் தூக்கி வந்த கல். இப்போது இரண்டு ஆள் கனம்.

நடந்தேன்.

மணல் காலைச் சுட்டது.

ஸ்ஸ்... ஹா...

பக்கத்திலேயே வந்தது.

திரும்பவில்லை.

கழுத்து நொறுங்குகிற மாதிரி இருந்தது. இறக்கவில்லை.

நட்ட கல் இரண்டும் தெரிந்தது.

மேலே ஏற்றி வைத்தேன்.

"அப்பாடா..."

என் காதோரம். பொம்பிளைக் குரல்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து பார்க்கும்போது என் நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது. பக்கத்தில் வேறு நிழல் இல்லை. வீட்டுக்கு வந்தேன். ஏழாம் பானை காலியாக இருந்தது. மறுநாள் ஏழு நடைக்குப் பதில் எட்டு நடை நடந்தேன். எட்டாவது குடத்தைச் சுமைதாங்கியில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டுத் தூக்கினேன். வேறு என்ன செய்ய?

சித்திரை இருபத்திரண்டாம் தேதி வேம்பில் செம்புத் துளிர் வந்தது. ஆசியா உம்மாள் ஒரு தட்டில் வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தனுப்பி, இருந்துகொள்ளச் சொன்னார்கள். வைகாசியில் ஜெபராணி வலி கண்டு இரண்டு நாள் கிடந்தாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தோ, திரும்பி வந்து உட்கார்ந்தாள். உச்சிவேளையில் மகள் பிறந்தாள். இரண்டு உயிரும் தப்பியது.

இத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ஆனி மாதம் ஒரு மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. கைலாசம் என்று ஒரு கல்தச்சர். துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினார். வேதமுத்து நான்தானா என்று கேட்டார். கல்லை எங்கே இறக்க என்று கேட்டார். வைகாசிக்கே முடிந்துவிட்டதாம். வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னவள் வரவில்லையாம்.

நான் எந்தக் கல்லும் செய்யச் சொல்லவில்லை என்றேன்.

"நீரு சொல்லல வே. ஒரு பிள்ளைத்தாச்சி வந்து சொன்னா. இந்த வீட்டுப் பின்கட்டுன்னு அடையாளம் சொன்னா. தலையில குடத்தோடயே நின்னா. இறக்கி வச்சிட்டுப் பேசு தாயின்னேன். வைக்க இடமில்ல அண்ணாச்சின்னா."

"என்னைக்கு?"

"சித்திரை மூணு. உச்சி நேரம்."

வைக்கோலை விலக்கினார். புதுச் சுமைதாங்கிக் கல். அதில் இரண்டு வரி வெட்டியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.

ஜெபராணி.

வைகாசி 9.

"பேரும் தவறின நாளும் அவ சொன்னதுதான்," என்றார் கைலாசம். "போன வருஷத்து வைகாசின்னு நெனச்சேன்."

சாய்ப்புக்குள் ஜெபராணி மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அன்றைக்கு இருபத்தெட்டு நாள். வைகாசி ஒன்பதில் பிறந்தவள்.