நூறு இதயமும் ஒரு பின்னறையும்

மீட்டர்காரருக்கு எண் என்றால் உயிர். குடிநீர் வாரியத்தில் இருபத்தோரு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் குறிப்பவர் வேறு எதை நம்புவார்? தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மேலதிகாரிகள் அவரை ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு ஓடியது என்றுதான் கேட்டார்கள்.

அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தாறாவது வயதில் ஓவியப் பித்துப் பிடித்தது. விடுமுறை நாளெல்லாம் பின்னறையில் தூரிகையும் கையுமாகக் கிடந்தார். வரைந்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அது தெரியாமல் சோறு இறங்கவில்லை. மனைவியைக் கேட்டால், "ஈரம் காயட்டும், பாக்கலாம்" என்பார். காய்ந்தபின் போய் நின்றால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்.

மனைவி தையல்காரர். அவருடைய மெஷின் குளியலறைக்குப் போகும் நடையில் கிடந்தது. யார் குளிக்கப் போனாலும் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட வேண்டும். கறுப்புத் துணி வந்துவிட்டால் அந்த இருட்டில் தையல் எங்கே, துணி எங்கே என்று தடவித்தான் தைக்க வேண்டும். வீட்டில் பெரிய ஜன்னல் உள்ள ஒரே இடம் பின்னறை. அதில் மீட்டர்காரரின் காகிதங்கள் கொடியில் தொங்கிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு, நீங்க பெரிய ஓவியர்னு தெரியணும். இல்லன்னா ரூமைக் குடுங்க" என்றார் மனைவி.

"பெரிய ஓவியன்னு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் எண்ணிப் பாக்கறவராச்சே. அந்தக் குரூப்புல ஒரே படத்துக்கு நூறு இதயம் வாங்கிக் காட்டுங்க. ரூம் பக்கமே வரமாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் டைம். உங்க அக்கா வீட்டுல இருக்கற ஏழு போனும் கணக்குல சேராது."

அவர் போனில் படம் ஏற்றும், பதினாலாயிரம் பேர் இருந்த ஓவியக் குழு அது; படம் பிடித்தவர்கள் கீழே இதயக் குறி போடுவார்கள். அதுவரை அவர் வாங்கிய அதிகபட்சம் இருபத்து மூன்று, அதிலும் ஏழு அக்கா வீட்டு உபயம். குழுவின் நிர்வாகியிடம் தனியாகக் குறை சொன்னார். அந்த மனிதர் ஒளிவுமறைவில்லாமல் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டார்: "சார், நீங்க போட்டாத்தானே அவங்க போடுவாங்க? ஒரு நாளைக்கு இருநூறு இதயம் போடுங்க. கூட ரெண்டு வார்த்தை எழுதுங்க. திரும்பி வரும்."

இருநூறு என்பது மீட்டர்காரருக்கு ஒரு பொருட்டா? மறுநாளே தொடங்கிவிட்டார். ஒரு வீட்டு வாசலுக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் இடையே ஐந்து படம். நாய் உள்ள வீடென்றால், அதைக் கட்டிப்போடும்வரை பத்து. கட்டைவிரல் தானாக ஓடியது. 'அருமை!', 'தொடருங்கள்!', 'இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்!' என்று மூன்று வாசகங்களைத் தயாராக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஒட்டினார். குறித்தோமா, நகர்ந்தோமா என்பது அவருக்கு ஊறிப்போன வேலைதானே.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது மழை நின்ற தெருவில் சுவரோரம் நிற்கும் சைக்கிளை வரைந்தார். கீழே தேங்கிய தண்ணீரில் அதன் பிம்பம். மேசைமேல் வைத்துப் படமெடுத்துக் குழுவில் ஏற்றினார். இரண்டே மணி நேரத்தில் எண்பது. சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது நூற்றுப் பன்னிரண்டு. அக்கா வீட்டைக் கழித்தாலும் நூற்றைந்து! மீட்டர்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். 'என்ன ஆழம்!' என்றது ஒரு கருத்து. 'புவியீர்ப்பையே கேள்வி கேட்கும் துணிச்சல்' என்று நிர்வாகியே எழுதியிருந்தார். அதற்கு அர்த்தம் புரியவில்லை என்றாலும் பெருமையாக இருந்தது.

அதற்குக் கீழே 'ஆறாவது மாடி' என்ற பெயரில் ஒரு பெண்மணி எழுதியிருந்தார்:

'சார், படம் தலைகீழா ஏறியிருக்கு. போனைத் திருப்பி வெச்சுப் பாத்தேன். பின்சக்கரத்துல ரெண்டு கம்பி வளைஞ்சிருக்கு. தண்ணில தெரியற சக்கரத்துலயும் அதே ரெண்டு கம்பி. ரொம்பக் கவனிச்சு வரைஞ்சிருக்கீங்க.'

மீட்டர்காரர் போனைத் திருப்பினார். உண்மைதான். பாதி மீட்டர்கள் குழிக்குள் தலைகீழாகக் கிடப்பவை. நின்ற இடத்திலிருந்தே படமெடுத்து, எண்ணைத் தலைகீழாகவே படிப்பது அவர் வழக்கம். ஓவியத்தையும் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் எடுத்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது உறுத்தவே இல்லை. மற்ற நூற்றுச் சொச்சம் பேருக்கும் உறுத்தவில்லை. ஆனால் அவர்கள் யாரும் மீட்டர்காரர்கள் இல்லையே!

முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த இரண்டு கம்பிக்காக ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தார். நன்றாக இருக்கிறதா என்று இத்தனை நாள் தவித்த மனுஷனுக்கு முதல்முறையாக ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

இந்த அம்மாவின் படங்களையும் பார்க்க வேண்டும் என்று அவருடைய பக்கத்துக்குப் போனார். நாற்பது படங்கள் இருந்தன. ஒன்றுகூட முன்பு பார்த்த ஞாபகமில்லை. ஆனால் கடைசிப் பதினோரு படங்களிலும் மீட்டர்காரர் போட்ட இதயம் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் போட்ட ஒன்றில், பென்சிலால் பாதி வரைந்த ஒரு கை. மேலே இப்படி எழுதியிருந்தது: 'இது நான் வரைஞ்சது இல்ல. அம்மா வரைஞ்ச கடைசிப் படம். முடிக்கல. நேத்து காலைல போயிட்டாங்க.'

அதற்குக் கீழே மீட்டர்காரர்: 'இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்!'

அதற்கும் அந்தப் பெண்மணி பதில் எழுதியிருந்தார். 'நன்றிங்க.'

மீட்டர்காரர் மன்னிப்பு எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பிறகு எழுந்துபோய்ப் பின்னறைக் கொடியிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வாசலில் மனைவி வந்து நின்றார்.

"என்னங்க பண்றீங்க? நூறு தாண்டிருச்சாமே, உங்க அக்கா போன் பண்ணாங்க. ஜெயிச்சிட்டீங்களே!"

"மெஷினைப் பிடி. நான் இந்தப் பக்கம் தூக்கறேன்."

"ஏன், கணக்குல ஏதாவது தப்பாயிடுச்சா?"

"கணக்கெல்லாம் சரிதான். அத்தனை பேர்ல ஒருத்தங்கதான் என் படத்தைப் பாத்தாங்க. அவங்க அம்மா செத்ததுக்கு நான் இதயம் போட்டிருக்கேன்."