ரோஷத்துக்குக் கணக்கு வராது

பெற்றோர் கூட்டம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது ஓர் அப்பா எழுந்து, தன் பிள்ளையைத் தோளைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, "நல்லா நாலு வாங்கு வாங்குங்க டீச்சர், அப்பத்தான் இவனுக்கு ரோஷம் வரும்" என்பார். பிள்ளை தரையைப் பார்க்கும். டீச்சர் என்றால் அந்த இடத்தில் சிரித்து வைக்க வேண்டும். நான் சிரிக்க மாட்டேன். "உங்க மொதலாளி நாலு பேரு முன்னாடி உங்களத் திட்டுனா, மறுநாள் உசுரக் குடுத்து வேலை பாப்பீகளா, இல்ல வேற எடம் தேடுவீகளா?" என்று கேட்டுவிடுவேன். கணக்கு டீச்சருக்குத் திமிர் ஜாஸ்தி என்று உத்தமபாளையத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

கொடுமை என்னவென்றால், இந்த ரோஷ வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் வெகுகாலம் சாட்சியாகக் காட்டப்பட்டவளே நான்தான். திட்டுவாங்கி, ரோஷம் வந்து, படித்து முன்னுக்கு வந்த பிள்ளை. அது பச்சைப் பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறு ஜூனில் நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். எங்கள் வகுப்பில் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சுக்குக் கணக்கு சார் ஒரு பேர் வைத்திருந்தார்: கல்யாண பெஞ்சு. இதுகளுக்குப் படிப்பு ஏறாது, எப்படியும் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அவர் முடிவுகட்டியவர்கள் உட்காரும் இடம். பையன்களின் கடைசி பெஞ்சை மாப்பிள்ளை பெஞ்சு என்பார்களே, அது செல்லப் பேர். அதில் உட்காருகிறவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவான். எங்கள் பேரைச் சொன்னால் நாங்கள் காலரைத் தூக்க முடியாது, தாவணியை இழுத்து விட்டுக்கொள்ளத்தான் முடியும்.

அந்த பெஞ்சுக்கு நான் போனதற்குக் காரணம் மண்டையில் இல்லை, தோட்டத்தில் இருந்தது. பழம் வெட்டு வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற கை எல்லாம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருந்தாக வேண்டும். வியாபாரி வண்டியோடு வந்து நிற்பார். மேற்கு மலையில் மழையும் வந்து நிற்கும். எது முந்தும் என்று யாருக்கும் தெரியாது. நனைந்த பழம் வெடித்துப் போனால் அந்த வெள்ளாமை அவ்வளவுதான். ஆகவே லீவு. திராட்சை வருஷத்துக்கு ஒரு தடவை வந்தோமா போனோமா என்கிற பயிரும் இல்லை. மறுபடி மறுபடி வரும். மறுபடி மறுபடி லீவு. லீவு போட்டால் கணக்கு விட்டுப்போகும், விட்டுப்போனால் மார்க் போகும், மார்க் போனால் கல்யாண பெஞ்சு.

சார் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தாலும் லீவு போடாத மனுஷர். போர்டில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தவர். ஆனால் அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, "சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிறீக?" என்று ஆரம்பிப்பது. உப்புப் போட்டுத் தின்றால் ரோஷம் வர வேண்டும், ரோஷம் வந்தால் மார்க் வர வேண்டும். அவர் போட்ட கணக்கிலேயே தப்பான கணக்கு அது ஒன்றுதான்.

எனக்கு அந்த வருஷம் பாஸாகியே தீர வேண்டிய நிலைமை. அப்பா வளைத்துப் பேசத் தெரியாதவர். "இந்தா பாரு ஆத்தா, பாஸானியா, மேல படி. பெயிலானியா, போடியில உங்க அத்தைக்கு வாக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். போடி அத்தை மகனுக்கு ஏலக்காய்க் கடை. நல்லவர்தான். எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் கிடையாது. பதினாறு வயதில் அவர் கடைக்கு வருகிறவர்களுக்குக் காபி போட எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

சார் முதன்முதலில் என்னைக் கடைசிக்கு அனுப்பிய அன்று எனக்கு ரோஷம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். காரணிப்படுத்துதல். முதல் கணக்கைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. ரோஷத்தோடு இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் புரியவில்லை. ரோஷம் புத்தகத்தைத் திறக்க வைக்கும். அதற்குக் கணக்கு வராது. கொஞ்ச நாளில் அதுவும் ஆறிப்போய், 'போடா, உன் கணக்கும் நீயும்' என்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

என்னைத் தூக்கிவிட்டவள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. என் வயது, என் வகுப்பு, அதே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். அவளும் பழம் வெட்டுக்கு லீவு போட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தாள். ஆனால் அவளுக்குக் கணக்கு பிடிக்கும். எங்களுக்குப் புளியங்காய் பிடிப்பது போல அவளுக்குக் கணக்கு. விட்டுப்போன பாடத்தை முன்பெஞ்சுப் பிள்ளைகளின் நோட்டை வாங்கித் தானாகவே போட்டுப் பார்ப்பாள்.

இரண்டு தோட்டத்துக்கும் வெட்டு மாறி மாறி வரும், ஆள் மாற்றிக்கொள்வோம். பந்தலுக்குக் கீழே குனிந்த வாக்கில் நின்று, காம்பைப் பிடித்துக் கத்தரித்து, பழத்தோல் மேல் பூத்திருக்கிற சாம்பல் பூச்சு கலையாமல் குலையைப் பெட்டியில் வைக்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டே அவள் கணக்கைச் சொல்வாள். விடையைச் சொல்லவே மாட்டாள், கிராதகி. "அடுத்து?" என்பாள். நான் முழிப்பேன். அவள் பாட்டுக்கு அடுத்த குலையை வெட்டிக்கொண்டிருப்பாள். அவசரப்படுத்தவும் மாட்டாள், விட்டுத் தொலைக்கவும் மாட்டாள். நான் எதையாவது உளறினால், "சரி, அப்படியே வச்சுக்க. அடுத்து?" என்பாள். உளறலோடேயே இரண்டு படி போனால் இடிக்கும். "அய்யய்யோ, இது சேராதே" என்று நானே கத்துவேன். "அப்பாடா, வந்துட்டாடா என் ராசாத்தி" என்று ஒரு உதிரிப் பழத்தை எடுத்து என் மேல் எறிவாள்.

எனக்குக் கணக்கு வந்தது அப்படித்தான். நான் சொல்லப்போகிற அடுத்த படிக்காக ஒருத்தி நிஜமாகவே காத்திருந்தாள். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அப்புறம் அந்தக் கணக்கு சேரும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருமே, அதற்காக நான் இன்னும் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வெட்டியிருப்பேன்.

அரையாண்டுத் தேர்வுப் பேப்பரைக் கொடுத்த அன்று நான் பாஸ். அவள் வகுப்பிலேயே முதல். சார் அவள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேப்பரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாண பெஞ்சுல இருந்து இம்புட்டு மார்க்கா? யாரப் பாத்து எழுதுன?"

நான் எழுந்தேன். "சார், அவ யாரையும் பாத்து எழுதல. எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவதான்."

"ஓஹோ, வக்கீல் வேற வச்சிருக்கியா?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்து, ஒரு கணக்கைச் சொல்லிப் போடச் சொன்னார். எனக்கே தெரிந்த கணக்கு. அவள் போர்டைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டிருந்த வகுப்பைப் பார்த்தாள், சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீகளா?" என்றார் சார். அப்புறம் கொஞ்சம் இறங்கி, "இதுல இவளுக்கு ரோஷம் வந்து படிச்சான்னா அதுவே எனக்குப் போதும்" என்றார்.

பொங்கல் லீவு முடிந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் தினமும் அவள் வீட்டு வழியாகப் போய்க் கூப்பிட்டேன். "எதுக்குடி போர்டுல போடாம வந்த? போட்டுக் காமிச்சு அவரு மூஞ்சில கரியப் பூசியிருக்கலாம்ல?" என்று சண்டை போட்டேன்.

"அதையும் மனப்பாடம்னு சொல்லுவாரு. எத்தன தடவதான் நான் திருடி இல்லைன்னு காமிக்கிறது?" என்றாள். "நீ போ. நேரமாகுது."

அவள் வீட்டில் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "படிப்பு ஏறாதுன்னு சாரே சொல்லிட்டாக" என்றார் அவள் அப்பா. சார் சொன்னது வேறு, அவர் கேட்டுக்கொண்டது வேறு. கூடலூரில் ஜீப் ஓட்டுகிற மாப்பிள்ளை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போய்வருகிறவர். வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. அதற்குள் இன்னொரு பழம் வெட்டு வந்தது. பந்தலுக்குக் கீழே எனக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டவள், பள்ளிக்கூடம் போகிறவளைப் பார்த்து, "அடுத்து?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பாஸானேன். கணக்கில் எங்கள் வகுப்பில் நான்தான் முதல். அவள் எழுதியிருந்தால் நான் இரண்டாவது.

சார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அன்னைக்கு நான் சொன்னது சுருக்குன்னு தச்சிருச்சுல்ல? அதுக்குத்தான் சொன்னேன்!" என்றார். "சார் திட்டுனது எம்புட்டு நல்லதாப் போச்சு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ஒரு பெட்டித் திராட்சையை அவர் சைக்கிளில் வைத்துக் கட்டினார். "இல்ல சார், எனக்குச் சொல்லிக்குடுத்தது அவ" என்றேன். "பாருங்க, என்னா தன்னடக்கம்!" என்றார் அப்பாவிடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பத்தாம் வகுப்புக்கு அவர் என் கதையைச் சொன்னார். "இந்தக் கல்யாண பெஞ்சுல இருந்த பிள்ளதான். ஒரே ஒரு வார்த்த சொன்னேன்..." நான் மேல்நிலை முடித்தேன், கல்லூரிக்குப் போனேன், பி.எட். முடித்து உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சர் ஆனேன். நான் ஒவ்வொரு படி ஏற ஏற அவர் கையில் இருந்த பிரம்புக்கு வலு கூடிக்கொண்டே போனது. அந்த பெஞ்சில் எத்தனை பிள்ளைகள் என் பேரால் திட்டு வாங்கினார்களோ.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவருக்குப் பணி நிறைவு விழா. மைதானத்தில் பந்தல், பொன்னாடைகள், ஒலிபெருக்கி. பழைய மாணவி என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில் அந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வரிசையில் அவளும் இருந்தாள். புருஷனோடு ஊருக்கே திரும்பி வந்து, அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. இந்தக் கதையைச் சார் இன்னும் சொல்கிறார் என்று மகள் மூலம்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மைக்கை இறுக்கிப் பிடித்தேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். "சாருக்கு வணக்கம். அவர் திட்டியதால் நான் படித்தேன் என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருப்பார். அது நிஜம் இல்லை. திட்டியது என்னை மட்டும் இல்லை. அந்த பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் திட்டினார். மற்றவர்கள் எங்கே? அவர்களை ஏன் மேடைக்குக் கூப்பிடவில்லை? எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது என் பக்கத்தில் இருந்த பிள்ளை. என்னைவிட நன்றாகப் படித்தவள். பார்த்து எழுதினாள் என்று சொல்லி அவளை நிறுத்தியதும் அதே திட்டுத்தான். பிள்ளைகளா, உங்களை யாராவது திட்டினால், அது உங்கள் நல்லதுக்கு என்று நம்பாதீர்கள்."

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆனால் சார் எழுந்து வந்து, சிரித்த முகத்தோடு என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தீகளா இந்த ரோஷத்த! என் மேடையில நின்னு என்னையவே கேக்குது. இது நான் வளத்த ரோஷம்!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் தட்டினார்கள். நான் என்ன பேசினாலும் அதை அவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த நிமிஷம் நான் தோற்றுத்தான் போனேன். இனி ஜென்மத்துக்கும் இந்தக் கதை இப்படித்தான் ஓடும் என்று நினைத்துப் படியில் இறங்கினேன்.

கைதட்டல் அடங்கும்போது பெற்றோர் வரிசையில் அவள் எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. தோட்டத்தில் பேசுகிற அதே குரல்.

"அன்னைக்கு என்னையும்தான் திட்டுனீக சார். என்கிட்ட என்னத்த வளத்தீக?"

சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"யாருன்னே தெரியாமத்தான் திட்டுனீகளா சார்?" என்றாள்.

மைக் அவர் கையில்தான் இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.