புரியாமல் சொன்ன ஓகே

கப்பலில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் கிரேன் கொக்கியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு; நான் பயந்தது கப்பல்காரர்கள் பேசுகிற இங்கிலீஷைப் பார்த்து.

தூத்துக்குடி துறைமுகத்தில் பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரே வேலை. கப்பலின் வயிற்றுக்குள் 'ஹேட்ச்' என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கும். சரக்கு அதற்குள்தான் இறங்கும். அதன் விளிம்பில் வாக்கி டாக்கியோடு நான் நிற்பேன். மேலே கிரேன் டிரைவர், கீழே பள்ளத்துக்குள் பன்னிரண்டு ஆட்கள், பக்கத்தில் கப்பலின் சீஃப் ஆபீசர். அவர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். உடன்குடியில் தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு இப்படி ஒரு வேலை. பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் புரியாமல் மண்டையை ஆட்டிவிட்டு வந்த எல்லாருக்கும் என் நிலைமை தெரியும்.

முதல் நாள்

முதல் கப்பலில் அந்த ஆபீசர் என்னமோ நீளமாகச் சொல்லி, 'கேரி ஆன்' என்று முடித்தார். கேரி தெரியும், தூக்குவது. ஆன் தெரியும், மேலே. இரண்டையும் சேர்த்து எதைத் தூக்கி எதன் மேலே வைக்க? "ஓகே சார்" என்றேன். அவரும் போய்விட்டார்.

பத்து நிமிஷம் யாரும் அசையவில்லை. நான் சொல்வேன் என்று அவர்களும், யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நானும் நின்றோம். கடைசியில் மேஸ்திரி சேசையா ஏணியில் ஏறி வந்தார். மணப்பாட்டுக்காரர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். "என்ன அண்ணாச்சி சொன்னாரு?" என்று கேட்டார். "வேலையைத் தொடர்ந்து பாக்கச் சொன்ன மாதிரி இருக்கு" என்றேன். சேசையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"'மாதிரி இருக்கு'ங்கத நம்பியா அண்ணாச்சி நாங்க பன்னெண்டு பேரும் கீழ நிக்கோம்?"

பாக்கெட் நோட்டு

மறுநாளே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். 'ஸ்டாண்ட் பை' என்றால் கை வைத்துத் தயாராக நில். 'ஹோல்ட் ஆன்' என்றால் கொஞ்சம் பொறு. 'லோயர் அவே' என்றால் நிறுத்தாமல் இறக்கிக்கொண்டே போ. ஒவ்வொன்றையும் அது நடக்கிற வேலையோடு சேர்த்து எழுதிக்கொண்டேன். பிய்த்துப் பிய்த்து அர்த்தம் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் நாம் இதையெல்லாம் வாய் கூசாமல் பேசுகிறோம். போன் ஸ்விட்ச் ஆஃப், பஸ் பிரேக் டவுன், ஃபாரத்தை ஃபில் அப் பண்ணு, பிள்ளையைப் பிக் அப் பண்ணு. என் வீட்டுக்காரி தெருவில் பிடிக்காதவர்களை 'கெட் அவுட்' என்று விரட்டுவாள், இலக்கணம் கேட்டால் என்னையும் விரட்டுவாள். அதே வார்த்தைகளின் பங்காளிகள் வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் வாயிலிருந்து வந்தால் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து ஹேட்ச்சில் நிற்கிற சுல்தான் காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடா துறைமுகம் ஒன்றில் எட்டு வருஷம் இருந்தவர். அவர் இங்கிலீஷ் பேசினால் ஆபீசர்களே சிரித்துப் பேசுவார்கள். உங்களுக்குப் பயமே வராதா காக்கா என்று ஒருநாள் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எட்டு வருசமும் ஓகே ஓகேன்னு சொல்லியே உசுரோட ஊர் வந்து சேந்தேன், வெளிய சொல்லிராதீங்க."

மறுபடி கேட்கக் கூடாது

ஓகே எங்கள் இடத்தில் ஒரு மரியாதை. ஆபீசர் சொன்னால் நான் ஓகே, நான் சொன்னால் கிரேன் டிரைவர் ஓகே, அவர் சொன்னால் கீழே இருக்கிறவர்கள் ஓகே. மறுபடி கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவன் என்று ஆகிவிடும். அப்படி ஆனவனை எங்கள் மேனேஜர் மறுநாளே குடோனில் மூட்டை எண்ண அனுப்பிவிடுவார். எனக்கு முன்னால் ஹேட்ச்சில் நின்றவர் அப்படித்தான் போனார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

"முழிக்கிறவன் எனக்கு வேண்டாம்வே."

கல் இறங்கிய மத்தியானம்

அன்றைக்குக் கிரானைட் கல் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பாளமும் ஒரு லாரி கனம். கீழே சேசையா குனிந்து, கல் உட்கார வேண்டிய இடத்தில் மரக்கட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, நாலு ஆள் உயரத்தில் கல் தொங்கியது. அவர் ஒதுங்கியதும் இறக்கலாம் என்று கிரேனில் பேச்சிமுத்து காத்திருந்தார்.

அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற ஆபீசரின் குரல் வாக்கி டாக்கியில் அவசரமாக வந்தது. 'ஹோல்ட் ஆஃப்' என்றது மட்டும் காதில் நின்றது. ஹோல்ட் ஆன் என் நோட்டில் இருந்தது. ஆஃப் இல்லை. பிடிக்கச் சொல்கிறாரா, விடச் சொல்கிறாரா? கேட்டால் முழிக்கிறவன் ஆகிவிடுவேன். பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது, "ஓகே சார்."

எங்கள் எல்லாருக்கும் ஒரே சேனல். ஆபீசர் சொன்னதில் பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்தது என் ஓகே மட்டும்தான். இறக்கலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டார். கல் அசைந்து இறங்க ஆரம்பித்தது. சேசையாவின் முதுகில் அதன் நிழல் விழுந்து கறுத்ததைப் பார்த்தேன். இங்கிலீஷும் வரவில்லை, வாக்கி டாக்கியின் பட்டனும் கைக்கு வரவில்லை. "நிறுத்துலே! ஏலே, நிறுத்து!" என்று கையை வீசிக் கத்தினேன்.

கல் நின்றது. சேசையா நிமிர்ந்து கையை உயர்த்தியிருந்தால் தொட்டிருப்பார். அவரை ஒதுக்கிவிட்டு, கல்லைத் தூக்கிக் கரையில் வைத்தபோதுதான் பார்த்தோம், கட்டியிருந்த கம்பி வடத்தில் நாலைந்து இழை பிய்ந்து சிலிர்த்து நின்றது. அதைப் பார்த்துத்தான் ஆபீசர் 'இப்போதைக்கு இறக்காதே, பொறு' என்று கத்தியிருக்கிறார். அவர் ஓடி வந்து என் முன்னால் நின்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, "நோ அண்டர்ஸ்டாண்ட் சார்" என்றேன்.

சேசையா மேலே வந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தார். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க இங்கிலீஷுக்கு எனக்குப் பயமில்ல அண்ணாச்சி, உங்க ஓகேக்குத்தான் பயப்படுதேன்."

மேனேஜர் ரூம்

நடந்ததை மறைக்கவில்லை. மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இனி என் ஹேட்ச்சில் ஓகே கிடையாது, ஆபீசர் சொன்னதை நான் திருப்பிச் சொல்வேன், புரியாவிட்டால் மறுபடி கேட்பேன், அதுவரை சரக்கு அந்தரத்திலேயே தொங்கும், அதற்காகக் குடோனுக்கு அனுப்பினாலும் போகிறேன் என்றேன். பேசும்போதே மூட்டை வாசம் மூக்கில் அடித்தது.

மேனேஜர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கப்பல் ஏஜெண்ட். எதிர்முனையில் இங்கிலீஷ் பொரிந்தது. மேனேஜர், "ஓகே சார், ஓகே, ஓகே" என்று போனை வைத்தார். நெற்றியைத் துடைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டிய கப்பலைப் பற்றி 'ஃபால் த்ரூ' என்கிறானே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டினேன். நல்ல வேளையாக இருந்தது: முடிவான காரியம் நடக்காமல் போவது. அப்படியானால் கப்பலே வரவில்லை. நாளைக்கு மூன்று கேங் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார் மனுஷன். எதற்கும் ஏஜெண்டிடம் ஒரு தடவை கேட்டுவிடலாமே சார் என்றேன். போனை என் பக்கம் தள்ளினார்.

"நீரே கேட்டுச் சொல்லும்வே, எனக்குப் பயமா இருக்கு."

என்னைக் குடோனுக்கு அனுப்பவில்லை; இன்றைக்கும் ஹேட்ச் விளிம்பில் பயந்துகொண்டுதான் நிற்கிறேன், புரியாவிட்டால் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அதைச் சேசையாவுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பயப்படுவதுதான் இத்தனை வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு.